ஒடியல் மா யார் முற்றத்தில் காய்கிறது?

கோடை தொடங்கிவிட்டால் ரொறன்ரோவின் பூங்காக்களில் யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்ப் பெயர்கள் பதாகைகளாகத் தொங்கும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு என்று ஊருக்கொரு ஒன்றுகூடல். பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடல்கள் வேறு. கயிறிழுத்தல், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் எல்லாம் நடந்துகொண்டிருக்க, ஒரு பக்கத்தில் கிடாரம் நிறையக் கூழ் கொதிக்கும். பாரிஸின் புறநகரிலும் லண்டனிலும் சுவிஸிலும் இதே காட்சிதான். அங்கே பிறந்து வளர்ந்து, அப்பாவோடு ஆங்கிலத்திலும் அப்பம்மாவோடு அரைத் தமிழிலும் பேசுகிற பிள்ளைகள் நண்டுக்காலை உறிஞ்சி, உறைப்பில் மூக்குச் சிந்தி, இன்னும் ஒரு கோப்பை கேட்கிறார்கள். இது வெறும் ஊர்க்கவலை, இன்னும் ஒரு தலைமுறையோடு போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது ஆண்டாக ஒரு சனம் தன் சாப்பாட்டைக் கைவிடாமல் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டிருக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கிடாரத்துக்குள் கரைகிற ஒடியல் மா யார் வீட்டு முற்றத்தில் காய்ந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. புலம்பெயர்ந்தோர் மரபைக் காப்பது பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ருசியிலும் ஞாபகத்திலும் நின்றுவிடுகிறது. கிழங்கு கிண்டும் கை பற்றியும், அந்தக் கைக்கு என்ன கிடைக்கிறது என்பது பற்றியும் பேசாமல் அது முழுமையாகாது.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். களி எடுத்தது போக மிஞ்சும் விதைகளைப் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி, மண் தூவி மழைக்கு விடுவார்கள். தை, மாசியில் பாத்தி கிண்டினால் கிழங்கு. தோலுரித்து இரண்டாகக் கிழித்துப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மாசி, பங்குனி வெயிலில் ஒடியல் கல்லாக இறுகிவிடும். அதை உரலில் இடித்து, அரித்து, மீண்டும் இடித்து மாவாக்க ஒரு பகல் போய்விடும். இப்போது இடிக்க மில் இருக்கிறது. கிண்டுவது, உரிப்பது, கிழிப்பது மூன்றும் இன்னும் கைவேலைதான். நகக்கண்ணில் மண்ணேறும் வேலை. பனாட்டு இதைவிடப் பொறுமை கேட்கும். பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் ஊற்றி, அது காயக் காய மேலே மேலே ஊற்றிக்கொண்டு வர வேண்டும். இடையில் ஒரு மழை இறங்கினால் பட்ட பாடு முழுவதும் பழுது.

கூழ் காய்ச்சுவதும் லேசான காரியமில்லை. ஒடியல் மாவுக்குக் கைப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து வடித்துத்தான் அதைப் போக்க வேண்டும். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை; பிறகு நண்டு, இறால், திருக்கை, மீன் தலை; செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி. எல்லாம் வெந்து வரும்போது கடைசியில் மாவைக் கரைத்து விடுவார்கள். முந்தினால் அடிப்பிடிக்கும், கை நின்றால் கட்டிபடும். ஓலையில் கோலிய பிளாவில் வாங்கிச் சுற்றியிருந்து குடிப்பார்கள். கரையில் அன்று என்ன பட்டதோ அதுதான் அன்றைய கூழ். இல்லாதவர்களின் சாப்பாடு அது. பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றியதும் பனைதான்.

தீவகத்தார் ஊர்விட்டுப் போன கதை 1983இல் தொடங்கியதல்ல. மண் மெலிந்து, கிணறு உவர்த்த ஊர்களிலிருந்து ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் போய்ச் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்தார்கள். புங்குடுதீவாரின் கடை இல்லாத பட்டினம் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அதற்கு முன்பே மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் யாழ்ப்பாணத்தார் கப்பலேறியிருந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தன. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். 1990 ஓகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது ஊர் ஊராகச் சனம் கிளம்பியது. திரும்பி வந்தவர்கள் சொற்பம். 2012 கணக்கெடுப்பின்போது நெடுந்தீவு முழுவதிலும் நாலாயிரம் பேர்கூட இருக்கவில்லை.

எண்பதுகளில் சுவிஸுக்குப் போன இளைஞர்களுக்கு, அவர்களில் புங்குடுதீவார் நிறைய, எளிதில் கிடைத்த வேலை உணவகக் குசினி வேலை. ஊரில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத பொடியன்கள் அங்கே பாத்திரம் கழுவி, வெங்காயம் வெட்டி, மெல்ல மெல்லச் சமையற்காரர்கள் ஆனார்கள். ஒரே அறையில் நாலைந்து பேராக இருந்த காலத்தில், அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டும் தொலைபேசியில் கேட்டும் கறி வைத்தார்கள். நம் புலம்பெயர் சமையலின் முதல் தலைமுறையில் பாதி இந்த ஆண்கள். ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் இவர்களின் பங்கு காணாமல் போய்விடும். இன்றைக்கும் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் சூட்கேஸில் பாதி நிறை வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கருவாடும் புழுக்கொடியலும்தான்.

இனி, இந்தச் சாப்பாட்டுக்கு என்ன பெயர் என்ற வழக்கு. 2003இல் ராணி தங்கராஜா தொகுத்து நேசா எலியேசர் பதிப்பித்த சமையல் நூல் தன்னை யாழ்ப்பாணத் தமிழரின் சமையல் என்று சொல்லிக்கொண்டது. ஒடியல் கூழ் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 2022இல் வந்த ‘ரம்புட்டான்’ என்ற நூலின் அட்டையில் இருப்பது இலங்கைச் சமையல். அதை எழுதியவர் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வளர்ந்த, யாழ்ப்பாணப் பெற்றோரின் மகளான சிந்தியா சண்முகலிங்கம். அடுத்த ஆண்டே அதே பெயரில் லண்டன் பரோ சந்தையில் உணவகமும் திறந்தார். இரண்டு பெயருக்கும் நியாயம் உண்டு. ஒரு அரசின் படை தன் ஊரை வெறுமையாக்கியதைக் கண்டவருக்கு அந்த நாட்டின் பெயர் கடைப் பலகையில் உறுத்தும். அந்த உறுத்தலை மிகையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு புலம்பெயர் நாடுகளில் இலங்கைப் பொருள்களைப் புறக்கணிக்கும் அழைப்புகள் எழுந்தபோது, ஒடியல் மாப் பொதியிலும் ‘இலங்கை உற்பத்தி’ என்ற அதே எழுத்துத்தான் இருந்தது. அந்தப் பொதியை ஒருவர் அலுமாரியில் திரும்ப வைத்தால் கொழும்பில் யாருக்கும் நோகாது. அனலைதீவிலோ எழுவைதீவிலோ கிழங்கு கிழித்த பெண்ணுக்குத்தான் நோகும்.

சாப்பாடு அரசியலாகிவிட்டதே என்று வருந்துபவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 2009இல் வன்னிச் சனம் உயிர் பிடித்திருந்த உப்புக்கஞ்சியை மே மாதந்தோறும் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் இங்கும் ரொறன்ரோ, லண்டன் தெருக்களிலும் வேரூன்றிவிட்டது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்களைக் கைதுசெய்து மறியலில் வைத்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த ஒன்றைக் கொடுப்பது இந்த நாட்டில் குற்றமாகக்கூடும். கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் அதை அங்கே தடையின்றிக் காய்ச்சுவது நாம் செய்ய முடியாமல் போவதை நமக்காகச் செய்வதுதான். அதற்கு நான் நன்றி சொல்லுவேன்.

வெளியார் பறிப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, உள்ளுக்குள் இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. பனையில் ஏறியவர் யார், வலை இழுத்தவர் யார், அவர்களுக்கு எந்தக் கோப்பையில் கொடுத்தார்கள்? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் ஊற்றிய காலம் வெகு தூரத்தில் இல்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். அதன் பிறகும் கடைக்குள் இருந்து குடிக்கிற உரிமைக்காக, 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. பொலிஸார் அடித்தும் அது நிற்கவில்லை. அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களிலும் கோயில் நுழைவுப் போராட்டங்களிலும் உயிர்கள் போயின. இன்று ‘நம் பாரம்பரியம்’ என்று மண்டபத்தில் பரிமாறும் கள்ளப்பமும் பனங்கட்டியும் கூழும் அந்த மனிதர்களின் உழைப்பில் வந்தவை. வீட்டுக்குள் ஏற்றாதவர்களின் சாப்பாட்டை மரபுக்குள் ஏற்றிக்கொண்டு அவர்களின் பெயரை மட்டும் வெளியே நிறுத்துவது நேர்மையல்ல. ஒன்றுகூடலில் கூழின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பேணியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவில் கறுப்பினத்தவரின் வரலாற்றையும் பூர்வகுடிகளின் வரலாற்றையும் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். தயங்குவது பெரியவர்கள்தான்.

நயினாதீவுக்கு வருவோம். அம்மன் கோயிலின் ஆனி மாதத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்னதானத்துக்கு அமர்கிற மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலை மணிபல்லவத் தீவில், கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுநிலா நாளில் பெற்ற பாத்திரத்தின் பெயர் அது. ஆபுத்திரன் கையிலிருந்தது, அள்ள அள்ளக் குறையாதது, காயசண்டிகையின் யானைப்பசியைத் தீர்த்தது. மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆய்வாளர் எல்லோரும் அதை ஒப்பவில்லை. இருந்தாலும் ஒரு சைவக் கோயில் தன் சோற்று மண்டபத்துக்கு ஒரு பௌத்தக் காப்பியத்தின் பாத்திரத்தைப் பெயராக வைத்துக்கொண்டு, அதில் முரண் எதுவும் காணாமல் சனத்துக்குச் சோறு போட்டு வருகிறது. இந்தத் தீவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அதே தீவில், கூப்பிடு தூரத்தில், நாகதீப விகாரை. சூளோதரன், மகோதரன் என்ற நாக அரசர் இருவர் மணியாசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்த இடம் என்கிறது மகாவம்சம் வழிவந்த நம்பிக்கை. 1958 கலவரத்தில் அந்த விகாரை தாக்கப்பட்டது. போர்க்காலத்தில் அம்மன் கோயிலும் தீயில் சேதப்பட்டது. 2016இல் கடலுக்குள் பெரிய புத்தர் சிலை எழுப்பும் முயற்சி எதிர்ப்பைக் கிளப்பியது. நெடுந்தீவில் மக்கள் வெடியரசன் கோட்டை என்று சொல்லும் கல்லடுக்குகளைப் பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறார்கள் தொல்லியல் துறையினர். வெடியரசனோ கண்ணகி வழக்குரையில் மீகாமனோடு கடலில் மோதியவன். கரையோர மக்களின் வீரன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. சனம் குறைந்த ஊரில் கல்லுக்கு உரிமை சொல்ல வருபவர்கள் கூடிவிடுகிறார்கள்.

இதில் நம் பக்கத்துத் தவறும் உண்டு. பௌத்தம் என்றாலே சிங்களம் என்று நாமும் ஒப்புக்கொண்டுவிட்டோம். மணிமேகலைக் காப்பியம் எழுதப்பட்ட மொழி நம்முடையது. நயினாதீவுக் கோயிலில் இருக்கிற பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவினுடையது, அதுவும் தமிழில். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு; மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் ஆணை எழுதி, அந்நிய வணிகரை ஊர்காவற்றுறைக்கு வரவேற்ற கல் அது. பிக்குகளுக்கும் நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒருசேர இடைஞ்சலான கல். ரொறன்ரோவில் பிறந்து இங்கே முதல் முறை வரும் பிள்ளைக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அதைத்தான்.

ஒரு சாப்பாடு யாருடையது என்ற வழக்கு உலகத்தில் நமக்கு மட்டும் உரியதல்ல. பீட்ரூட்டில் செய்யும் போர்ஷ் சூப் யாருடையது என்று உக்ரைனும் ரஷ்யாவும் பிணங்குகின்றன. 2022 ஜூலையில் யுனெஸ்கோ உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் மரபை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அப்படிச் சேர்ப்பதால் ஒரு நாட்டுக்குத் தனியுரிமை வந்துவிடாது என்பது அந்த அமைப்பின் நிலைப்பாடு. சேர்த்ததற்குச் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். செய்முறை யாருக்கும் மறந்துபோகவில்லை. போர் சனத்தை ஊரைவிட்டுத் துரத்துகிறது; காய்கறி பயிரிடவும் கூடிச் சமைக்கவும் முடியவில்லை. ஆபத்து அங்கே இருக்கிறது என்றார்கள். தீவகத்துக்கு இது அப்படியே பொருந்தும். கூழின் செய்முறை யூடியூப்பில் நிறையக் கிடக்கிறது. பாத்தி கட்ட ஆளில்லை.

காவலரண்களுக்காகப் போரில் பனைகள் கணக்கின்றித் தறிக்கப்பட்டன. நின்றவற்றில் ஏறுவோர் குறைந்துவிட்டார்கள். கடலில் வேறு வில்லங்கம். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. ஆனாலும் இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கடலை இன்னும் அரித்துக்கொண்டு போகின்றன. சிறு வள்ளக்காரரின் வலை அறுபடுகிறது, நண்டும் திருக்கையும் குஞ்சோடு போகின்றன. இதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அங்குள்ள கூலி மீனவர் சிறையில் வாடுவது எனக்கும் வருத்தம். ஆனால் தொப்புள்கொடி உறவு என்று மேடையில் சொல்பவர்கள் இந்த மடியைப் பற்றி வாய் திறக்க வேண்டும். இன்னொரு பக்கம், கரையோரத்தை அடைத்து நிற்கும் கடலட்டைப் பண்ணைகளால் களங்கட்டி நண்டும் இறாலும் பிடித்தவர்களுக்கு இடம் சுருங்குகிறது.

புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பாமல் இல்லை. கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன, பாடசாலைகளுக்கு மண்டபம் வந்திருக்கிறது, பூட்டிய வீட்டுக்குப் புதுச் சுவர் எழுந்திருக்கிறது. கோபுரம் கட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன். எரிந்த கோயிலைத் திரும்பக் கட்டியது ஒரு சனத்தின் மானம். ஆனால் கும்பாபிஷேகத்துக்குச் சேர்கிற தொகையில் ஒரு சிறு பங்கு பனையடிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எந்த ஊர்ச் சங்கமும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சீவல் தொழிலாளர் உறுப்பினராக உள்ள சங்கங்கள் அவை. 1978 முதல் பனை அபிவிருத்திச் சபையும் இருக்கிறது. ரொறன்ரோவில், பாரிஸில், பேர்னில் இருக்கிற ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஒன்றுகூடலுக்கும் தன் உறுப்பினர் வீடுகளுக்கும் ஆண்டுக்கு எத்தனை கிலோ ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனாட்டும் வேண்டுமென்று எழுதி, விலை பேசி, பாதிப் பணத்தை முன்கூட்டியே கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்பலாம். விற்குமோ விற்காதோ என்ற பயத்தில் பாத்தி கட்டாமல் விடும் பெண்ணுக்கு அந்த முற்பணம் போதும். பொதியில் ஊரின் பெயரும், விருப்பமிருந்தால் செய்த குழுவின் பெயரும் இருக்கட்டும். இடையில் நிற்கும் ஏற்றுமதி வியாபாரி இல்லாமல் கப்பலேற்றுவது எளிதல்ல. சுங்கம், சுகாதாரச் சான்று, பொதியிடல் எல்லாம் இருக்கின்றன. தென்னிலங்கைப் பட்டினமெங்கும் கடை நடத்திய பரம்பரைக்கு அது தெரியாத வித்தையா?

எழுதி வைக்கும் வேலையும் இருக்கிறது. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். இலக்கியத்துக்கும் கல்வெட்டுக்கும் அவர் கொடுத்த கவனம் இந்தச் சாப்பாட்டுக்கும் கிடைக்க வேண்டும். நெடுந்தீவுக் கூழுக்கும் மண்டைதீவுக் கூழுக்கும் என்ன வித்தியாசம், எந்த மாதத்தில் எந்த மீன், சைவக்காரர் வீட்டுக் கூழில் என்ன போடுவார்கள், பிளா கோலுவது எப்படி, சீவியவர் எந்தக் குடும்பம், அவருக்குக் கூலி என்ன என்பதெல்லாம் இப்போது எண்பது வயது தாண்டியவர்களிடம்தான் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் ஒலிப்பதிவும் படப்பிடிப்பும் அறிந்தவர்கள். திருவிழாவுக்கு வரும்போது, படகுக்குக் காத்திருக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கி, ஒரு ஆச்சியின் முன்னால் கைப்பேசியை வைத்து அவர் சொல்வதைப் பதிவு செய்யலாம்.

பனம்பழம் விழும் காலத்துக்கு முன்னரே ஊர்ச் சங்கங்களின் கொள்வனவுக் கட்டளைகள் வந்து சேர வேண்டும். ஆவணியில் பாத்திக்குப் போகாத விதை மாசியில் ஒடியலாக வராது. சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்கள் கோடைக்கு முன் கூடுகின்றன. இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் மண்டப வாடகைக்கும் இசைக்குழுவுக்கும் அடுத்ததாக இதையும் ஒரு விடயமாகச் சேர்த்து, எத்தனை கிலோ, என்ன விலை, யாரிடம் என்று பேசி முடிவெடுக்க வேண்டும்.